உள்ள விடுது, ஒண்ணும் காட்டமாட்டேங்குது

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் ஆனிக் கடைசியில் அங்கே யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, மதுரைல டிசைன் பண்ற புள்ளைக்கு லாகின் ஆகுதாம், ஃபோல்டர் மட்டும் தெரியலையாம். நீ ஏதும் மாத்துனியா?"

"ஒண்ணும் மாத்தலையே அண்ணாச்சி."

பொய். முந்தின நாள் சாயங்காலம்தான், டிசைன் ஃபைல்கள் வந்துபோகும் எஃப்டிபி சர்வரில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் போட்டிருந்தேன், பாஸ்வேர்ட் இப்படி வெட்டவெளியில் போகிறதே என்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அந்தப் பெண்ணிடம் ஃபைல்ஜில்லா லாகை (அவள் எஃப்டிபிக்கு வைத்திருக்கும் மென்பொருளின் பதிவு) வாட்ஸப்பில் வாங்கிப் பார்த்தேன். எஃப்டிபியில் லாகினுக்கு ஒரு வழி, ஃபோல்டர் பட்டியலும் ஃபைலும் வர இன்னொரு வழி. அந்த இரண்டாம் வழிக்கு எங்கே வந்து தட்ட வேண்டும் என்று சர்வர் சொல்லும் 227 பதிலுக்குப் பின்னால் ஆறு எண்கள்: 192,168,1,10,148,33. முதல் நான்கு முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட், அதாவது அந்த முகவரியில் தட்ட வேண்டிய கதவின் எண்: 37921. மதுரையில் உட்கார்ந்துகொண்டு 192.168.1.10 என்ற எங்கள் ஆபீஸ் உள்முகவரியை எங்கே தேடுவது? ஃபைல்ஜில்லா சமர்த்து, அதைத் தள்ளிவிட்டு எங்கள் பொது முகவரியிலேயே 37921ஐத் தட்டியிருக்கிறது. 20 நொடி தட்டிவிட்டுப் போய்விட்டது. ரவுட்டரில் நான் திறந்து வைத்திருந்தது லாகினுக்கான 21 மட்டும்தான்.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது? ராத்திரி ஒரு மணிவரை என்னை உட்கார வைத்தது இந்தக் கேள்விதான். ரவுட்டரில் எஃப்டிபி ஏஎல்ஜி என்று ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. நான் போட்டதில்லை. அது 21இல் நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டு, 227 வந்ததும் உள்முகவரியை அழித்து வெளிமுகவரியை எழுதி, அந்த ஒரு போர்ட்டை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. டிஎல்எஸ் வந்ததும் அதன் காது அடைத்துவிட்டது.

ஆக்டிவ் மோடுக்கு மாறலாம்தான். ஆனால் அதில் சர்வர் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரைத் தேடிப் போகும், அவள் வீட்டு ரவுட்டர் வாசலிலேயே மறிக்கும். அதனால் விஎஸ்எஃப்டிபிடியில் (எங்கள் எஃப்டிபி சர்வர் மென்பொருள்) பாசிவ் போர்ட்டுகளை, அதாவது அவள் பக்கமிருந்து வந்து தட்டும் இரண்டாம் வழிக் கதவுகளை, 50000 முதல் 50100 வரை என்று கட்டினேன். பாசிவ் முகவரியாக எங்கள் ஸ்டாட்டிக் ஐபியை (மாறாத பொது முகவரி) கொடுத்தேன். அதே 101 போர்ட்டுகளையும் ரவுட்டரில் சர்வருக்குத் திருப்பிவிட்டு, ஏஎல்ஜியை அணைத்தேன். சோதித்தது என் போன் ஹாட்ஸ்பாட்டிலிருந்து. ஆபீஸ் வைஃபையில் இருந்தபடி சோதித்தால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஃபோல்டர் வந்தது. போய்ப் படுத்தேன்.

காலை ஒன்பதுக்கு மறுபடி போன். "மதுரைக்கு வந்துருச்சு தம்பி. இப்ப மாடில பிளேட் எடுக்கிறவனுக்கு வரலையாம்."

பின்னே? மாடியில் இருப்பவனுக்கும் இப்போது சர்வர் பொது முகவரியைத்தானே கொடுக்கும். உள்ளிருந்து வெளியே போய் அதே வாசலில் திரும்பி நுழைய எங்கள் ரவுட்டர் விடாது. மாடிக்கென்று 2121 போர்ட்டில் இன்னொரு விஎஸ்எஃப்டிபிடியை, பாசிவ் முகவரி வரியே இல்லாமல், உள்முகவரியையே கொடுக்கும்படி ஓடவிட்டேன். டிஎல்எஸ் விஷயத்தை அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.