தண்டவாளம் போன வழியில் ஒரு நடை

ஞாயிறு காலை சிங்கப்பூரின் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, பழைய ரயில் பாதையில் ஹில்வியூ வரை நடந்தேன். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அது பரவாயில்லை.

அந்தப் பழைய பாதை முழுவதும், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை, 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டியவர் மலேசியாவின் ஜோகூர் மாநில சுல்தானே! அதுவரை மலேசிய ரயில்வேயிடம் இருந்த நிலம் மறுநாள் சிங்கப்பூர் கைக்கு வந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து மலேசியாவிடம் கொடுத்துவிட்டார்கள். புக்கிட் தீமா நிலையத்தின் அருகே கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததும் அந்தக் குட்டி நிலையம்தான். 1932இல் கட்டியது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒதுங்கி வழிவிடும் இடம் அது. அடுத்த பகுதிக்குள் நுழைய ஓட்டுநர் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு ஒரே சமயத்தில் ஒரு சாவிதான் கிடைக்கும். அதனால் மோதல் என்ற பேச்சே இல்லை. கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம், ஒரு இரும்புச் சாவி போதும். கடைசி வரை இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் நம் ஆட்கள் ஏராளம். அதைச் சொல்லும் பலகை ஏதும் இருக்கிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். என் கண்ணில் படவில்லை.

அப்புறம், சைக்கிள் அன்பர்களே, வழியில் உள்ள இரும்புப் பாலத்தில் நாலு பேர் நின்று படம் எடுப்பார்கள். கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.