தாத்தாவுக்கு நடுக்கம், பேரனுக்குப் பேச்சு

மே 9, 2024. மண்டபம்

தடைக்காலம். பெரியப்பா கிழிந்த வலையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கை மடியில் இருக்கும்வரை சரி, டீ கிளாஸை எட்டும்போது நடுக்கம் வந்துவிடுகிறது. நடையும் தள்ளாட்டம். குடிதான் காரணம் என்கிறது ஊர். மனுஷன் தொட்டதே இல்லை.

மே 16

பெரியப்பா மகள், அதாவது என் அக்கா, அவள் மகனின் ரிப்போர்ட் மதுரையிலிருந்து வந்தது: ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறு. எட்டு வயதிலும் பேச்சு சரியாக வராததற்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்தது. “சொந்தத்துல கட்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்” என்று பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கேட்டதோ வேறு: “தாத்தாவுக்குக் கை நடுங்குமா?”

மே 17

படித்துப் பார்த்தேன். எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்று ஒரு மரபணு. அதில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு 30 தடவை போல. 200-ஐத் தாண்டினால் மரபணு மூடிக்கொள்ளும், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் வராது. குழந்தைக்கு நடந்தது இது. 55-லிருந்து 200-க்குள் இருந்தால் நேர்மாறு: மரபணு மூடாது, ஆர்.என்.ஏ என்ற தன் செய்தி நகலை அளவுக்கு மீறி எடுத்துத் தள்ளும். அந்த நகல்களே நரம்புச் செல்களைக் கெடுத்து, சிலருக்கு 50 வயதுக்கு மேல் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும்.

மரபணுவை 1991-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தாத்தாக்களின் நடுக்கம் 2001-ல்தான் மருத்துவ இதழில் ஏறியது. அதுவும், சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் “எங்கப்பாவுக்கும் இப்படி இருக்கு” என்று சொல்லிச் சொல்லி!

அத்தான் மேல் பழி இல்லை. எக்ஸ், ஒய் இரண்டில் அப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய் மட்டும். பெரியப்பாவின் எக்ஸ் அக்காவுக்கு வந்து, அவளிடமிருந்து பிள்ளைக்குப் போகையில் நீண்டிருக்கிறது. அந்நியத்தில் கட்டியிருந்தாலும் இதேதான். (செல்களில் கொழுப்பு தேங்கும் கோஷே என்ற பரம்பரை நோய் வேறு கதை. அதற்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஜிபிஏ1 மரபணு வரவேண்டும், அங்கே சொந்தம் கணக்கில் வரும். அதே பழுது ஒன்று மட்டும் இருப்பவருக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.)

மே 29

பெரியப்பாவின் ரிப்போர்ட்டும் வந்தது: சி-ஜி-ஜி 92 தடவை. அக்காவுக்கு 37 வயதிலேயே மாதவிலக்கு நின்றதும் இதன் வேலையாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்காக அவள் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரி எதிலும் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

இரவு

அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அப்பத்தாவின் இரண்டு எக்ஸில் அப்பாவுக்கு எது வந்ததோ, பாதிக்குப் பாதி. அந்த எக்ஸ்தான் வந்திருந்தால் அவர் மகளான எனக்கு நிச்சயம். அப்பாவுக்கு வயது 54, கை நடுங்கவில்லை. திங்கட்கிழமை மதுரைக்கு வந்து ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.