புது மண்டபத்து டியூப் லைட்

"கடையே தெரியலையே தம்பி." மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்குற புது மண்டபத்துல தையல் கடை வச்சிருந்த அண்ணன் இவ்வளவுதான் சொன்னாரு, கோபமாகூட இல்ல. கண்காட்சில என் படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டு, "அந்த லைட்ட போட்டு எடுத்திருந்தா மெஷினாவது தெரிஞ்சிருக்கும்ல"னாரு.

லைட்ட அணைக்கச் சொன்னதே நான்தான். "அண்ணே ஒரு ரெண்டு நிமிஷம்"னு கேட்டேன், தச்சுக்கிட்டு இருந்த துணிய ஊசிக்கு அடியில அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு அணைச்சாரு. காரணம் இருக்கு. பக்கவாட்டுல வர்ற வெயில் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம், ரெண்டும் கலந்தா கருங்கல்லு பச்சையடிக்கும், கேமரால நிறத்த சரிபண்ற வொயிட் பேலன்ஸ எதுக்கு வச்சாலும் இன்னொண்ணு கெட்டுரும். லைட் போனதும் தூண்ல இருந்த சிலையோட தோள், இடுப்பு, முழங்கால்னு வெயில் இறங்குச்சு பாருங்க, 17-ஆம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குன்னு கட்டுனப்ப மண்டபம் இப்படித்தான் இருந்திருக்கும்னு தோணுச்சு. அது அந்தப் படத்துல இருக்கு, இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா அவருக்கு அது மண்டபம் இல்லையே, கடை. சித்திரைத் திருவிழா நெருங்கிட்டா அழகருக்கு வேஷம் கட்டுறவங்களுக்கு சல்லடம், உருமான்னு தச்சுக்கிட்டே இருப்பாரு, அந்த இருட்டுக்குள்ள டியூப் லைட் இல்லாம ஊசில நூல் கோக்க முடியுமா? அப்ப அந்த லைட்டும் அந்த இடத்தோட வெளிச்சம்தானே, நாயக்கர் காலத்து வெயிலு மட்டும்தான் அசலா?

பொது இடத்த எடுக்குறவன் எதையும் தொடக்கூடாதுன்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எங்க நிக்கணும், எப்ப அமுக்கணும்னு முடிவு பண்றப்பவே பாதிய மாத்திடுறோம். நான் கடைக்கு சாட்சி எடுக்கப் போகல, அழகான படம் எடுக்கப் போனேன். இத எத்தன தடவ எனக்கு நானே சொன்னாலும், திரும்பப் போய் எடுக்க முடியாதேங்குறது வந்து நிக்குது. 2018 பிப்ரவரில மீனாட்சி கோயிலுக்குள்ள வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சப்புறம் கடைங்கள எடுக்கணுங்குற பேச்சு வலுத்துச்சு, இப்ப புது மண்டபத்துக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு. மண்டபம் அங்கயேதான் இருக்கும், வெயிலும் வரும், இன்னொருத்தன் என்னவிட நல்லாவே எடுப்பான். கடைய யாரு எடுப்பா?

புதுக் கடைல மாட்ட ஒரு படம் கேட்டிருக்காரு. லைட்ட அணைக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, பாக்க எடுத்த ஒரு ஃப்ரேம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. சிலை கழுத்தோட வெட்டுப்பட்டிருக்கு, கல்லு பச்சையா இருக்கு, ஆனா மெஷினு, கத்தரிக்கோலு, கம்பில தொங்குற துணி, இன்ச் டேப்போட அவரு, எல்லாம் தெளிவா இருக்கு. பச்சைய எடுக்கலாம்னு பாத்தா வெயில் பட்ட பக்கம் ஊதா அடிக்குது. அப்படியே பிரிண்ட்டுக்கு அனுப்பிட்டேன். கண்காட்சில இருக்குறத மட்டும் மாத்தல, படம் வாங்க வர்றவங்களுக்கு இன்னமும் அந்த இருட்டுப் படத்தத்தான் காட்டுறேன், அதுதான் நல்ல படம்.