அப்பா என்ன வேலை பார்த்தார்?

மறதி என்று முதியவர்களை அழைத்துவரும் பிரிவில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இப்போது சொல்லும் மூன்று சொற்களைக் கொஞ்சம் கழித்துச் சொல்லுங்கள் என்று சோதனை போகும். அதற்கு முன் ஒரு படிவம். சர்க்கரை, பிரஷர், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் அதில் தாராளமாக இடம் உண்டு. தொழில் என்ற கட்டத்தில் மட்டும் 'ஓய்வு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு அதிக நேரம் பிடிப்பது அந்தக் கட்டம்தான்.

காரணம், காரீயம் (lead) என்ற ஈயம், மூளையைப் பாதிக்கும் உலோகம். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஆனால் எலும்பு அதைக் கால்சியம் போலவே ஏற்று வைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது, அதுவும் பல வருஷங்களுக்கு. முதுமையில் எலும்பு தேயும்போது அது மறுபடி ரத்தத்துக்கு வருகிறது. பாஸ்டனில் 1963இல் தொடங்கிய முதுமை ஆய்வில், முழங்கால் சில்லில் ஈயம் அதிகமிருந்த ஆண்களுக்கு நினைவுச் சோதனை மதிப்பெண் வேகமாக இறங்கியது தெரியவந்தது.

அதனால்தான் துருவிக் கேட்கிறேன். அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டரா, ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைத்தவரா, பெயின்டரா, 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிற்கும்வரை பங்க்கிலோ சிக்னலிலோ நாள் முழுக்க நின்றவரா?

ஒரு பெரியவர் பேட்டரி கடை வைத்திருந்தவர். பழைய பேட்டரியை உடைத்து, பிளேட்டைத் தட்டி எடுத்து, ஈயத்தை உருக்கிப் புதிதாகக் கட்டித் தருவார். கிழமை சொல்ல முடியவில்லை. மூன்று சொற்களில் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. "அய்யா, ஈயம் சரியாக் காஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு காகிதத்தை விட்டுப் பாக்கணும். கருகினா சூடு சரி. அப்புறம் மேல நிக்கிற கசடைக் கரண்டியால ஒதுக்கணும்." வலது கை மேசைமேல் கசடை ஒதுக்கிக் காட்டியது. முகமூடி, கையுறை எதுவும் இருந்ததில்லை. டீயும் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே.

கூட வந்த அவர் மனைவி அப்போதுதான் பேசினார். "இவர் சட்டையெல்லாம் நான்தான் துவைப்பேன். ஆசிட் பட்டு ஓட்டை ஓட்டையா இருக்கும். உதறினா சாம்பல் மாதிரி கொட்டும்."

அந்தத் தூசியும் ஈயம்தான். அவர் நோயாளியைப் பார்த்துக்கொள்பவராக வந்தவர். அவருக்கென்று படிவமே போடவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரைவது பெண்களுக்குத்தான். பாஸ்டன் பகுதிச் செவிலியர்களிடம் நடந்த ஆய்விலும் எலும்பு ஈயத்துக்கும் மந்தமான நினைவுக்கும் தொடர்பு தெரிந்தது. இல்லத்தரசி என்று எழுதி முடித்துவிட்டால் இது எதுவும் வெளியே வராது. அவருக்கும் படிவம் போட்டோம்.

பெரியவரின் ரத்தப் பரிசோதனையில் ஈயம் பெரிதாக இல்லை. கடைக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன அல்லவா! "அப்ப ஈயம் காரணம் இல்லையா, மேடம்?" என்றார் மகன். ரத்தம் சமீபத்தில் நடந்ததைத்தான் சொல்லும், எலும்பில் இருப்பதை அளக்கும் கருவி இங்கே இல்லை என்றேன். இவர் மறதிக்கு ஈயம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. உடம்பிலுள்ள ஈயத்தை மருந்தால் வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சை பற்றி யாரோ சொன்னதாகக் கேட்டார். அது ரத்தத்தில் அளவு மிக அதிகமாக இருப்பவர்களுக்கானது. போன ஞாபகத்தை மீட்டுத் தரும் என்பதற்குச் சான்று இல்லை. அதற்குக் கடன் வாங்க வேண்டாம் என்று அழுத்தியே சொன்னேன். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது முக்கியம், ஈயம் அதையும் ஏற்றக்கூடியது. மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று பி12, தைராய்டு, காது பார்க்க வேண்டும். எலும்பு தேயாமல், கீழே விழாமல் காக்க வேண்டும்.

பேச்சுவாக்கில் தெரிந்தது, கடையை இப்போது மகன் நடத்துகிறார். வீடு மாடியில், அங்கே சின்னப் பிள்ளை. ரத்தப் பரிசோதனை நேரடியாகப் பயன்படுவது இங்கேதான். குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. மகனுக்கும் பிள்ளைக்கும் எழுதிக் கொடுத்தேன். உருக்கும் வேலையை அனுமதி பெற்ற ஆலைக்கு விட்டுவிடுங்கள், கடைச் சட்டையோடு மாடி ஏறாதீர்கள் என்றேன். மகன் யோசித்தார், வருமானம் போகுமே என்று. பிள்ளையை மறுநாளே கூட்டி வருவதாக மருமகள் சொல்லிவிட்டார்.