அடுத்த ஸ்கேன் வரைக்கும்

மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வருபவர்களைவிட, "சினைப்பையில் சின்ன நீர்க்கட்டிதான், இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு டாக்டர் அறையிலிருந்து வருபவர்கள்தான் அதிகம் கலங்கி நிற்பார்கள். சிகிச்சை என்றால் செய்ய ஏதாவது ஒரு வேலை இருக்கும். காத்திருப்பவருக்கு அதுவும் கிடையாது. வெறும் நாட்களைக் கையில் கொடுத்து அனுப்பினால் பயம்தான் அவற்றை நிரப்பும்.

"சிஸ்டர், இது புற்றுநோயா?" டாக்டரிடம் கேட்க வாய் வராத கேள்வியை வெளியே வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்கள். கூட வந்த அம்மா, "அதெல்லாம் இல்ல, நீ சும்மா இரு" என்று அடக்கிவிடுவார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பதிலால் யாரும் தேறி நான் பார்த்ததில்லை. எதனால் இல்லை என்று தெரிந்தால்தான் மனசு கொஞ்சம் அடங்கும்.

அதனால் உட்காரவைத்துச் சொல்வேன். மாதவிலக்கு வரும் வயதில் சினைப்பைக்குள் மாதாமாதம் முட்டையோடு ஒரு நீர்ப்பை வளரும். ஏறத்தாழ 2 செ.மீ. ஆனதும் அது உடைந்து முட்டை வெளியேறும். சில மாதங்களில் உடையாமல் நீர் சேர்ந்து பெரிதாகிவிடும். இல்லையென்றால் முட்டை வெளியேறிய இடம் மூடிக்கொண்டு, உள்ளே நீரோ ரத்தமோ தேங்கும். இந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தாமாகவே வற்றிவிடுகின்றன. அதற்குத்தான் அந்த இடைவெளி. "மாத்திரை ஏதாவது போட்டா சீக்கிரம் கரையாதா?" என்று கேட்பார்கள். கருத்தடை மாத்திரை போட்டாலும் இவை விரைவாக வற்றுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிறகு ரிப்போர்ட்டை விரிப்பேன். கட்டியின் சுவர் மெல்லியதா, உள்ளே இருப்பது வெறும் நீர்தானா, கெட்டியான பகுதி ஏதும் இருக்கிறதா, இருந்தால் அதில் ரத்த ஓட்டம் தெரிகிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். சந்தேகப்பட ஏதும் இல்லை என்ற வரியை அவரே படிக்கட்டும் என்று விரல் வைத்துக் காட்டுவேன். மாதவிலக்கு நின்றுபோன பெண்களிடம் இதே தைரியத்தில் பேசமாட்டேன். அந்த வயதில் கட்டியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அதை மறைத்து ஆறுதல் சொல்வதில் நியாயமில்லை.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், சிஏ-125 ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை அது. அளவு கொஞ்சம் கூடியிருந்தது. ராத்திரி முழுக்கப் போனில் தேடித்தேடிப் படித்திருக்கிறார். அலுவலகத்தில் ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்று சொல்லி அழுதார். மாதவிலக்கு நாட்களிலும், கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயிலும், நார்க்கட்டி இருந்தாலும்கூட அந்த அளவு கூடலாம், அதை மட்டும் வைத்து யாரும் புற்றுநோய் என்று முடிவு கட்டுவதில்லை என்று டாக்டர் விளக்கினார். தேடாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் யார் கேட்பார்கள்? தோன்றுகிற கேள்வியையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், பகலில் எங்களுக்குப் போன் செய்து கேளுங்கள் என்றேன். வேலையிடத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைக்கவும் சொன்னேன். எதற்கு இப்படி இருக்கிறாய் என்று எல்லோரும் கேட்கும்போது சமாளித்துக்கொண்டே இருப்பதும் ஒரு பாரம்தான்.

ஒரு விஷயத்தில் உடன் வேலை செய்பவர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கட்டியால் சில நேரம் சினைப்பை முறுக்கிக்கொள்வதைப் பற்றிச் சொன்னால் இன்னும் பயந்துவிடுவார்கள் என்பார்கள். நான் கட்டாயம் சொல்லிவிடுவேன். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, மயக்கம் அல்லது காய்ச்சல் என்றால் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும். எது ஆபத்து என்று தெரியாதவருக்கு ஒவ்வொரு சுருக்கென்ற வலியும் வயிற்றில் புளியைக் கரைக்கும். தெரிந்தவர், "இது அது இல்லை" என்று தானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகும் தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. அவர்களை மனநல ஆலோசகரிடம் அனுப்பும்படி டாக்டரிடம் நானே கேட்பேன். கட்டி சின்னதாக இருப்பதால் பதற்றமும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த ஸ்கேனில் எல்லோருக்கும் கட்டி வற்றியிருக்காது. டெர்மாய்டு (உள்ளே கொழுப்பு, முடி போன்றவை இருக்கும் கட்டி), சாக்லேட் சிஸ்ட் (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) போன்றவை பொதுவாகத் தாமாகக் கரைவதில்லை. அப்படியானால் அறுவை சிகிச்சை தேவையா, எப்போது, சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்று பேச வேண்டிவரும். அன்றைக்கும் அந்தக் கேள்வி நோட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். இந்த முறை டாக்டர் அறைக்குள்ளேயே அதை விரித்துக் கேட்கச் சொல்கிறேன்.