பீச் ஸ்திரீட்டில் கடல் எங்கே? தமிழ்ப்பள்ளியில் புவியியலை எடைபோட்ட விதம்

மலேசியாவின் பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் புவியியல் எந்தத் தரத்தில் நடக்கிறது என்று பார்க்கப் புகுந்தபோது முதல் சிக்கல், அந்தப் பெயரில் கால அட்டவணையில் பாடமே இல்லை என்பது. தனிப்பாடமாக அது வருவது முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில்தான். தொடக்கப்பள்ளியில் வரலாறு, அறிவியல், கணிதம் என்று சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடப்பதை யாரும் எடைபோடுவதில்லை.

இங்கிலாந்தில் ஜியோகிராபிக்கல் அசோசியேஷன் தொடக்கப்பள்ளிகளுக்குத் தரக்குறி ஒன்று வைத்திருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நிலைகள். பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுச் சான்று காட்ட வேண்டும். நாங்கள் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. அந்த வழிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சான்று என்றதும் கோப்பைத் தடிக்க வைப்பதில் இறங்கிவிட வேண்டாம். நாள் பாடத்திட்டம் ஆசிரியரின் எண்ணத்தைத்தான் காட்டும். ஒவ்வோர் ஆண்டிலும் மூன்று மாணவர், அதாவது தடுமாறுபவர், நடுத்தரம், நன்றாகச் செய்பவர், ஆக 18 பேரின் பயிற்சிப் புத்தகங்களை ஒரே மேசையில் வரிசையாக விரித்தோம். குறை அங்கேயே தெரிந்தது. கீழ் ஆண்டிலும் மேல் ஆண்டிலும் அதே மலேசிய வரைபடம், அதே மாநிலப் பெயர்கள், அதே வண்ணம் தீட்டல். சோதனைத் தாள்களில் ‘எது’, ‘பெயரிடுக’ என்ற கேள்விகள் நிறைய; ‘ஏன் அங்கே’ என்பது அரிது.

திருத்தத்தைப் பள்ளி வளாகத்திலிருந்தே தொடங்கினோம். கையில் மாஜோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) கொடுத்து வளாகத்தை வரையச் சொன்னால், பிள்ளைகள் கட்டடத்தின் முகப்பை வரைவார்கள்: கதவு, சன்னல், கூரை. மேலிருந்து பார்க்கும் வடிவம் இன்னும் மனத்தில் அமையவில்லை என்பதே காரணம். முதலில் அழிப்பான், உணவு டப்பா ஆகியவற்றைத் தாளில் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு இழுக்க வைக்க வேண்டும். பிறகு மாடி நடையோரத்தில் நின்று கீழே பார்த்து வரையலாம்.

அளவுகோல் ஐந்தாம் ஆண்டுக்கு. 60 மீட்டருக்கு 40 மீட்டர் திடல் 1:200இல் (தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் இரண்டு மீட்டர்) 30க்கு 20 சென்டிமீட்டராகி, ஏ3 தாளில் அடங்கிவிடும். காலடி அளவுக்கு 20 மீட்டரை நாடாவால் குறித்து மூன்று முறை நடக்கவிட்டுச் சராசரி எடுக்கிறோம். 36 காலடி வந்தால் ஒரு காலடி சுமார் 56 சென்டிமீட்டர். எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே பிள்ளைகள் அணிவகுப்பு போல எட்டி வைப்பார்கள். முதல் நடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சரிபார்க்கப் பூப்பந்துத் திடல் போதும். 13.4க்கு 6.1 மீட்டர் என்பது விதி. படத்தில் அது 6.7க்கு 3 சென்டிமீட்டர் அளவில் வராவிட்டால் எங்கோ பிழை.

திசைக்குக் கைப்பேசித் திசைகாட்டியை நம்பி இரும்புக் கம்பிவேலியருகே நின்றால் ஊசி சாயும். நிழற்கோல் நல்லது. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலையில் ஒரு மணி நேர இடைவெளியில் நிழல் நுனியை இரண்டு முறை குறித்து இணைத்தால் மேற்கு–கிழக்குக் கோடு கிடைக்கும். மார்ச், செப்டம்பர் 20ஐ ஒட்டிச் செய்தால் கோடு நேராக இருக்கும். ஜூனில் காலையில் செய்தால் சாய்ந்துவிடும். ‘நண்பகல் நிழல் வடக்கே விழும்’ என்ற வெளிநாட்டுப் பயிற்சித்தாள் இங்கே செல்லாது. பினாங்கு 5.4 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். ஆண்டில் சுமார் ஐந்து மாதம் தவறாக இருக்கும் ஒரு வரியைப் பிள்ளைகளை மனனம் செய்ய வைப்பது வேதனை. இன்னொன்று, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12க்கு அல்ல, சுமார் 1.20க்கு. நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது, நாமோ 100.3இல் இருக்கிறோம்.

ஆறாம் ஆண்டுக்கு வெளிக்களம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கிழக்கே கடலோரச் சாலையான வெல்ட் கீ வரை நடை. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், பெற்றோர் ஒப்புதல் கடிதம், சாலை கடக்கும் இடங்களை முந்தைய நாளே ஆசிரியர் நடந்து பார்ப்பது, இவ்வளவும் கட்டாயம். கேள்வி ஒன்றே ஒன்று: பீச் ஸ்திரீட்டில் கடற்கரை எங்கே? பிள்ளைகள் தெருப்பெயரைக் குறிப்பார்கள், கடலைத் தேடுவார்கள், இன்னும் கிழக்கே போய்த்தான் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் பீச் ஸ்திரீட்தான் கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை நிரப்பித் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் இடம் எடுத்தார்கள். இந்த விடையை ஆசிரியர் நடையின்போதே சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே செத்துவிடும். வகுப்புக்குத் திரும்பிப் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வைக்கும் வரை பொறுக்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர் தடுக்கி விழுவது இந்தப் பொறுமையில்தான்.

மழைமானி எளிது, ஆனால் கூரை விளிம்பில் வைத்தால் வீண். கட்டடத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பிப் பூச்சியக் கோட்டை அதற்கு மேல் போட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் மில்லிமீட்டரில் வாசிக்க வேண்டும், மில்லிலிட்டரில் அல்ல.

ஆண்டிறுதியில் அதே 18 பிள்ளைகளுக்கும் ஒரே பணி: வளாகத்தை 40 நிமிடத்தில் உதவியின்றி வரைவது. பின்பக்கத்தில் தேதி. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய தாளையும், பின்சுவரில் ஒட்டுவதற்காக மறுபடி எழுதிய படியையும் சான்றாக ஏற்கவில்லை. முதல் முறை வரைந்த, அழித்த கறையோடு கூடிய தாள்தான் மேசைக்கு வந்தது.