அம்மை ஊசி: ஏழாம் நாள் இறக்கையைப் பாருங்கள்

போன ஐப்பசி மழை முடிந்ததும் எங்கள் வீட்டில் 11 கோழிக்குஞ்சுகள் அம்மையில் போய்விட்டன. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி கிளம்பி, காய்ந்து கருத்து, கடைசியில் கண்ணையே மூடிவிடும். கண் தெரியாத குஞ்சு எப்படித் தீனி பொறுக்கும்? பாதி பட்டினியில்தான் செத்தன. மூன்றுக்கு வாய்க்குள் மஞ்சளாகப் படலம் கட்டி மூச்சு இழுத்தது, ஒன்றும் தேறவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதில் சிலதுக்கு மேல்புண் காய்ந்தது, அவ்வளவுதான்.

"வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டாச்சே சார்?" என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அது வேறு வைரஸ், இது வேறு என்றார். கொசு கடித்துப் பரவும், காயத்தின் வழியாகவும் ஏறும். வந்த பிறகு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. 6 முதல் 8 வாரத்துக்குள் தனியாக ஊசி போட்டுவிட வேண்டும்.

அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்குப் போட்டேன். மருந்துப் புட்டியைக் கடையில் வாங்கி, வெறும் பையில் போட்டு, உச்சி வெயிலில் வண்டியில் கொண்டுவந்தேன். ஏழாம் நாள் பார்த்தால் எந்தக் குஞ்சுக்கும் இறக்கையில் ஊசி இறங்கிய இடத்தில் தடிப்பே இல்லை; மருந்து பிடித்திருந்தால் அங்கே தடித்திருக்க வேண்டும். அது உயிருள்ள மருந்து, சூடு பட்டால் செத்துவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. அன்றைக்கு இறக்கையைப் பார்க்காமல் விட்டிருந்தால், போட்டாச்சு என்ற நம்பிக்கையிலேயே இன்னொரு மழைக்காலம் போயிருக்கும்.

இரண்டாம் தடவை பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு புட்டி 200 கோழிக்கு. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். என்னிடம் இருந்ததோ 40. மதினியும் எதிர்வீட்டு அக்காவும் விடியற்காலையிலேயே பஞ்சாரத்தோடு வந்துவிட்டார்கள். மதினி இறக்கையை விரித்துப் பிடிக்க, இறகு இல்லாத சவ்வில், ரத்தக்குழாய்க்கு விலகி, மருந்தில் தோய்த்த இரட்டை முள் ஊசியை ஒரே குத்து. முள்ளில் இறகு உரசினால் மருந்து துடைபட்டுப் போகும். அதைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோம். நோய் கண்ட கோழி எதையும் சேர்க்கவில்லை.

ஏழாம் நாள் தடவிப் பார்த்தேன். சவ்வில் சின்னதாகத் தடிப்பு, அதன்மேல் பொருக்கு. இரண்டு குஞ்சுக்கு மட்டும் இல்லை; அதுகளுக்கு அடுத்த புட்டி உடைக்கும்போது மறுபடி போட்டேன். எதிர்ப்புச் சக்தி முழுசாகப் பிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதால், அதுவரை கூட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டோம்.

இப்போதெல்லாம் மூன்று வீட்டிலும் ஒரே வாரத்தில்தான் அடை வைக்கிறோம். அப்போதுதான் குஞ்சுகள் ஒரே வயதில் இருக்கும், ஒரு புட்டி எல்லாருக்கும் ஆகும்.